சிங்கப்பூரிடம் இலங்கை எதைக் கேட்டது?

1970களின் கடைசியில் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன, சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூவிடம் ஓர் உதவி கேட்டார். இலங்கைக்கென்று நல்ல விமான நிறுவனம் ஒன்று வேண்டும், அதைத் தொடங்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைகொடுக்க வேண்டும் என்றார். லீ இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். விமான நிறுவனத்தை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதை நடத்தத் திறமையான நிர்வாகிகள் நிறையப் பேர் வேண்டும், அவர்களை நீர்ப்பாசனத்துக்கும் விவசாயத்துக்கும் வீடமைப்புக்கும் அனுப்பினால் நாட்டுக்கு அதிகப் பலன் என்பது அவருடைய வாதம். ஜயவர்தன விடவில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் ஊழியர்களில் 80 பேரை இரவல் கொடுத்தது. 1979 செப்டம்பரில் எயார் லங்கா பறக்கத் தொடங்கியது.

அந்த நிறுவனம் இன்று ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ். வருடக் கணக்கில் நட்டத்தில் ஓடி, அதன் கடன் சுமையை அரசாங்கத்தின் தலையில், அதாவது வரி கட்டும் மக்களின் தலையில் வைத்திருக்கிறது. வளரும் நாடு ஒன்று இன்னொரு நாட்டைப் பார்த்து வளரலாமா என்ற கேள்விக்கு இந்த ஒரு சம்பவம் நிறையச் சொல்கிறது. பார்த்து வளரலாம், அதில் தப்பே இல்லை. பிறரைப் பார்க்காமல் வளர்ந்த நாடு என்று ஒன்றைக் காட்டுவதே கஷ்டம். ஆனால் இன்னொரு நாட்டுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அங்கே உழைப்பின் முடிவில் வந்த பொருள்கள்தான். விமானம், துறைமுகம், உயரக் கட்டடம், சுத்தமான வீதி. அவற்றைக் கொண்டுவந்த முடிவுகள் சட்டப் புத்தகத்திலும் சம்பளப் பட்டியலிலும் பள்ளிக்கூடத்திலும் கிடக்கின்றன. இலங்கை எப்போதும் முதல் வகையைக் கேட்டது. அந்த முடிவுகளில், குறிப்பாகப் பெரும்பான்மை மக்களுக்குக் கசக்கக்கூடிய முடிவுகளில், அது கை வைக்கவில்லை. இந்தத் தீவின் கடந்த எழுபது வருடத்து வலியில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

லீ முதன்முதலில் கொழும்புக்கு வந்தது 1956இல், லண்டனுக்குப் போகிற வழியில். அப்போது சிங்கப்பூர் இன்னும் பிரித்தானியக் காலனி. மூன்றரை வருட ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அடிபட்டு எழுந்து கொண்டிருந்த ஊர். கொழும்பு அதைவிட நல்ல நகரமாக அவருக்குத் தெரிந்தது. அது முகஸ்துதி இல்லை. இலங்கையில் 1931இலேயே வயது வந்த எல்லோருக்கும், பெண்கள் உட்பட, வாக்குரிமை கிடைத்துவிட்டது. 1945 முதல் இலவசக் கல்வி. நல்ல பல்கலைக்கழகம், பயிற்சி பெற்ற அரசாங்க ஊழியர்கள், தேயிலையும் இறப்பரும் தேங்காயும் கொண்டுவந்த அந்நியச் செலாவணி எல்லாம் இருந்தன. பிரித்தானியா விட்டுப் போன நாடுகளுக்குள் முன்மாதிரி என்று இலங்கையைத்தான் அன்று காட்டினார்கள். இன்று அந்தப் பேச்சைக் கேட்டால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை.

அதே 1956இல்தான் பண்டாரநாயக்க தேர்தலில் வென்றார், ஜூன் மாதம் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்தது. ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்தை நம்பியிருந்த தமிழர்களுக்கு ஒரே நாளில் கதவு பாதி மூடியது. பிறகு 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்ற தரப்படுத்தல் வந்தது, மீதிப் பாதியும் மூடியது. லீ இதைத் தூரத்திலிருந்து கவனித்துக் கொண்டிருந்தார். பெரும்பான்மை வாக்கு மட்டும் ஒரு பல்லின நாட்டைக் காப்பாற்றாது என்பதற்கு இலங்கையைத்தான் அவர் கடைசி வரை உதாரணம் காட்டினார்.

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சீனர். அந்த வருடமே சீன வர்த்தக சபையினர் சீன மொழிக்கு உத்தரவாதம் கேட்டு வந்தார்கள். பெரும்பான்மையினரின் வாக்கில் நிற்கிற எந்தத் தலைவருக்கும் அது இனிப்பான கோரிக்கை. அரசாங்கம் மறுத்தது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் சம உரிமையுள்ள ஆட்சிமொழிகள் என்று அறிவித்தது. வேலைக்கான பொது மொழியாக ஆங்கிலம் நின்றது. அதன் விலையை அதிகம் கொடுத்தவர்கள் சீனம் படித்த சீனர்கள்தான். கூலித் தொழிலாளியிலிருந்து கோடீஸ்வரர் வரை காசு சேர்த்துக் கொடுத்துக் கட்டிய நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் இன்னொரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, தன் பெயரையும் இழந்தது. அந்தத் தலைமுறையின் மனக்கசப்பு இன்னும் முழுக்க ஆறவில்லை.

இலங்கையில் மொழி மாற்றத்தின் விலையைச் சிறுபான்மையினர் கட்டினார்கள், சிங்கப்பூரில் பெரும்பான்மையினர் கட்டினார்கள். இரண்டு நாட்டையும் ஒப்பிட்டு வளர்ச்சி வீதம், ஏற்றுமதி, துறைமுகக் கொள்கலன் கணக்கு என்று எத்தனையோ அட்டவணை போடலாம். என்னைக் கேட்டால் முதல் வரி இதுதான்.

சரி, 1977க்கு வருவோம். ஜயவர்தனவின் கட்சி 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. அதற்கு முன்னிருந்த ஆட்சியில் இறக்குமதித் தடை, பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை என்று சனம் களைத்துப் போயிருந்தது. திறந்த பொருளாதாரம் வந்தபோது ஒரு மூச்சு விட முடிந்தது, அதை மறுக்கக் கூடாது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தார்கள். சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டைதான் மனதில் இருந்தது. முதலாளிகள் வந்தார்கள், ஆனால் பெரும்பாலும் ஆடைத் தொழிற்சாலைகளோடு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆடை இறக்குமதிக்கு ஒதுக்கீடு வைத்திருந்த காலம் அது. ஹொங்கொங், கொரியா போன்ற நாடுகளின் ஒதுக்கீடு நிரம்பி வழிந்ததால் புது இடம் தேடியவர்களுக்குக் கட்டுநாயக்க வசதியாக அமைந்தது. கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து, வலயத்தைச் சுற்றியிருந்த சின்னச் சின்னப் போடிங் அறைகளில் நாலைந்து பேராகத் தங்கி, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய கைத்தொழில் ஏற்றுமதியை அவர்கள்தான் கட்டியெழுப்பினார்கள். அவர்களுக்கு நாடு உரிய மரியாதை கொடுக்கவில்லை என்பது தனிக் கதை.

ஜூரோங்கில் நடந்தது வேறு. 1961இல் சதுப்பு நிலத்தை நிரப்பத் தொடங்கியபோது, நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் மடத்தனம் என்று அதைச் சொன்னவர்கள் உண்டு. நிலமும் கட்டடமும் கொடுத்தாலே தொழிற்சாலை வந்துவிடாது என்பதைச் சிங்கப்பூர் ஆட்சியாளர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். வருகிற கம்பெனி எந்தத் தொழிலைக் கற்றுக் கொடுக்கும் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். 1972இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து பொருளியல் வளர்ச்சிக் கழகம் ஒரு பயிற்சி நிலையம் அமைத்தது. நுண்கருவி, அச்சு வார்ப்பு வேலைகளை அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். கம்பெனி தன் தேவைக்கு மேலாகவும் ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும், மீதிப் பேர் வேறு தொழிற்சாலைகளுக்குப் போவார்கள் என்பது ஏற்பாடு. அதற்குப் பின் ஜெர்மனியின் கேமரா நிறுவனமான ரோலை, நெதர்லாந்தின் பிலிப்ஸ் என்று இதே மாதிரி நிலையங்கள் வந்தன. பத்து வருடத்தில் தொழில் தெரிந்த ஒரு தலைமுறை உருவானது. கட்டுநாயக்கவுக்கு வேலியும் வரிச்சலுகையும் வந்தன, இந்தப் பயிற்சி நிலையம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் வெற்றியில் கசப்பான பக்கமும் இருக்கிறது. 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட இடதுசாரிகளை விசாரணை இல்லாமல் உள்ளே போட்டார்கள், சிலர் பல வருடம் வெளியே வரவில்லை. தொழிற்சங்கங்களை அரசாங்கத்தோடு கட்டிப் போட்டார்கள். பத்திரிகைகளை அடக்கினார்கள். இதையெல்லாம் வளர்ச்சிக்குக் கொடுத்த விலை என்று நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. வருத்தம் என்னவென்றால், இலங்கை ஆட்சியாளர்கள் தயக்கமில்லாமல் எடுத்துக்கொண்டது இந்தப் பக்கத்தைத்தான். 1979இல், விசாரணை இல்லாமல் அடைத்து வைக்க இடம் கொடுத்த பயங்கரவாதத் தடைச் சட்டம். 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த பல்லாயிரம் அரசாங்க ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் தற்கொலை செய்து கொண்டவர்களும் உண்டு. 1982இல் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டினார்கள். அடுத்த வருடம் ஜூலை 83. கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி எரித்தார்கள். திறந்த பொருளாதாரத்தை நம்பி வளர்ந்த தமிழ் முதலாளிகளின் ஆலைகளும் அதில் சாம்பலாயின. உள்நாட்டு முதலாளியின் ஆலையையே தலைநகரில் காப்பாற்றாத அரசாங்கத்தை நம்பி வெளிநாட்டுக்காரர் எப்படிப் பெரிய முதலீடு செய்வார்?

எடுத்துக்கொள்கிற பொருள் ஒன்றாக இருந்தாலும், அது போய் உட்காரும் அரசு வேறென்றால் பலனும் வேறாகும். சிங்கப்பூரின் வீடமைப்பை எடுத்துப் பாருங்கள். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. மறு வருடம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள், அங்கேயே அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். 1966இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசாங்கத்துக்கு மலிவு விலையில் நிலம் எடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. 1968 முதல் மத்திய சேம நிதியிலிருந்த தன் சொந்தச் சேமிப்பை எடுத்து ஒரு தொழிலாளி வீடு வாங்க முடிந்தது. 1989இல் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எத்தனை வீதம் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஓரினக் குடியிருப்புகள் உருவாகக் கூடாது என்பது நோக்கம். சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது இந்த வரம்பு அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்ற குறை அங்கே உண்டு, அது நியாயமான குறை. ஆனாலும் இன்று சிங்கப்பூரர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவில் இந்த வீடுகளில்தான் வாழ்கிறார்கள்.

இந்த நிலச் சட்டத்தை அப்படியே இலங்கைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? வடக்கு கிழக்கில் நிலம்தான் பிரச்சினையின் வேர். அரசாங்கம் நிலம் எடுத்தால் குடியேற்றத்துக்கா, முகாமுக்கா என்ற பயம் முதலில் வரும். போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பின்னும் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் தன் காணி இராணுவத்திடமிருந்து எப்போது விடுபடும் என்று காத்திருப்பவரிடம் போய், சிங்கப்பூரிலும் அரசாங்கம்தான் நிலத்தை எடுத்தது என்று சொல்ல முடியுமா? அங்கே அந்தச் சட்டம் வீடாக மாறியது. இங்கே அது இன்னொரு முள்வேலியாக மாறும் என்று ஒருவர் பயந்தால் அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது.

சொந்த ஊரை அறிந்து செய்த வீடமைப்பு இலங்கையிலேயே இருந்தது. ஜயவர்தனவின் ஆட்சியில் பிரதமராக இருந்து பின்னாளில் ஜனாதிபதியான பிரேமதாச, முதலில் அரசாங்கமே கட்டிக் கொடுக்கும் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். செலவு தாங்கவில்லை. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் வழியை மாற்றினார். அரசாங்கம் சிறு கடன் கொடுக்கும், குடும்பங்கள் தாங்களே கட்டிக் கொள்ளும், பழையதைத் திருத்திக் கொள்ளும். கூரைக்கு மட்டும் காசு தேவையானவர் கூரைக்கு மட்டும் கடன் வாங்கலாம். மற்ற வளரும் நாடுகள் வந்து பார்த்துப் படித்த திட்டம் இது. அந்த மனிதருடைய ஆட்சியைப் பற்றிய கடுமையான கேள்விகள் அப்படியே இருக்கட்டும், இந்த யோசனை நல்ல யோசனை.

இரவல் வாங்கினால் எப்படி வாங்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பானின் பட்டு ஆலைகள். 1872இல் ஜப்பானிய அரசாங்கம் டொமியோகாவில் ஒரு பட்டு நூற்பாலை திறந்தது. பிரெஞ்சு நிபுணர், பிரான்ஸில் செய்த இயந்திரம், செங்கல் கட்டடம், நீராவி எஞ்சின், 300 பேர் வரிசையாக உட்கார்ந்து நூலெடுக்கும் மண்டபம். பிரெஞ்சுக்காரர் குடித்த சிவப்பு வைனைப் பார்த்துவிட்டு, பெண் பிள்ளைகளின் இரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்று வதந்தி பரவியதால், வேலைக்கு ஆள் சேர்ப்பதே பெரும் பாடாக இருந்தது. ஆலை அருமையான நூலைத் தந்தது, ஆனால் இலாபம் நிலையாக வரவில்லை. அந்த மாதிரி ஆலையைக் கட்டத் தனியார் யாருக்கும் வசதியும் இல்லை. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். சுவா ஏரிப் பக்கத்துச் சின்ன முதலாளிகள் அந்த முறையைப் பார்த்துவிட்டுப் போய், இரும்புக்குப் பதில் மரத்தையும், செம்புப் பாத்திரத்துக்குப் பதில் உள்ளூர்க் குயவர் சுட்ட மண் பாத்திரத்தையும், நீராவிக்குப் பதில் நீர்ச்சக்கரத்தையும் வைத்து, பல மடங்கு மலிவாக இயந்திரம் செய்தார்கள். நூலெடுக்கும் முறை பிரான்ஸுடையது, மற்றதெல்லாம் அவர்கள் ஊருடையது. 1910 வாக்கில் ஜப்பான் கச்சாப் பட்டு ஏற்றுமதியில் சீனாவை முந்தி உலகில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆலைகளில் பெண்கள் பட்ட பாடு கொடுமையானது, அதையும் மறக்கக் கூடாது.

சிங்கப்பூராலேயே சிங்கப்பூரை இன்னொரு இடத்தில் வைக்க முடியாமல் போன கதையும் உண்டு. 1994இல் சீனாவின் சூசோ நகரத்தில் இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து ஒரு தொழில் நகரத்தைத் தொடங்கின. பணம் இருந்தது, பீஜிங்கின் ஆசி இருந்தது, சிங்கப்பூர் அதிகாரிகளே நேரில் இருந்தார்கள். ஆனால் சூசோ நகராட்சிக்கு ஏற்கெனவே சொந்தத் தொழில் வலயம் ஒன்று இருந்தது, உள்ளூர் அதிகாரிகள் முதலீட்டாளர்களை அதற்கே இழுத்தார்கள். 2001இல் சிங்கப்பூர்த் தரப்பு தன் பங்கை 65 வீதத்திலிருந்து 35 வீதமாகக் குறைத்து, பொறுப்பைச் சீனர் கையில் கொடுத்தது. அதற்குப் பிறகு இடம் நன்றாக வளர்ந்தது. உள்ளூர்க்காரருக்கு அது தன்னுடையதாக ஆனபோதுதான் வேலை நடந்தது.

இலங்கையிலும் அப்படித் தன்னுடையதாக ஆன இரவல் ஒன்று இருக்கிறது, நாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. 1926இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளி வரும்வரை காத்திராமல், ஒரு குறிப்பிட்ட பிரதேசத்து மக்களின் சுகாதாரத்துக்கு அந்தப் பிரிவே பொறுப்பு. அதன் முதுகெலும்பு மருத்துவமாது. தனக்கு ஒதுக்கிய கிராமங்களில் யார் கர்ப்பமாக இருக்கிறார், யாருக்கு எந்த மாதம், எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போவார். நாடு முழுவதும் அந்த முறை பரவியது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இன்று அது நாற்பதுக்கும் கீழே. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. இந்த வருமானத்தில் இப்படி ஒரு சுகாதாரமா என்று பொருளியலாளர்கள் வந்து படித்த நாடு இது.

இந்த முறை ஏன் வேர் பிடித்தது? 1931 முதல் ஏழைப் பெண்ணுக்கும் வாக்கு இருந்தது, தொகுதிக்கு ஆஸ்பத்திரி கேட்டு அரசியல்வாதியை நெருக்க முடிந்தது. இலவசக் கல்வியால் கிராமத்துப் பெண் படித்து, மருத்துவமாதாகப் பயிற்சி எடுக்க முடிந்தது. மக்களுக்குத் தெரிந்த மொழியில் சேவை நடந்தது. போர்க் காலத்திலும் வடக்கில் தடுப்பூசித் திட்டங்கள் முழுக்க அறுந்து போகவில்லை என்றால், அதற்குக் காரணம் அந்த ஊழியர்களுடைய உறுதி.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெட்ரோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்றவர்களிடம், லீ குவான் யூ மாதிரி ஒருவர் வந்திருந்தால் என்ற பேச்சு மறுபடியும் அடிபட்டது. கொழும்புக் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேர் துறைமுக நகரத்தைக் காட்டி, சிங்கப்பூர், துபாய் என்று இன்னும் சொல்கிறார்கள். அங்கே கட்டடம் எழும்பட்டும், நல்லதுதான்.

ஆனால் சிங்கப்பூரிடமிருந்து இப்போதே எடுக்கக்கூடிய, சிமெந்து தேவைப்படாத ஒன்று இருக்கிறது. அங்கே லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952இல் காலனி ஆட்சியிலேயே தொடங்கியது. 1960இல் அதற்குப் பல் வைத்துக் கொடுத்தார்கள். 1986இல் பதவியில் இருந்த தேசிய வளர்ச்சி அமைச்சரையே விசாரித்தது. 2023இல் பதவியிலிருந்த போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரனைக் கைது செய்தது, தொழிலதிபர்களிடம் விலையுயர்ந்த அன்பளிப்புகள் வாங்கிய குற்றங்களோடு நீதிக்கு இடையூறு செய்த குற்றத்துக்கும் சேர்த்து 2024இல் அவருக்கு 12 மாதச் சிறை கிடைத்தது. இலங்கையும் 2023இல் புதிய ஊழல் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. ஆட்சி மாறிய பிறகு முன்னாள் அமைச்சர்கள் கூண்டில் ஏறுவதை இப்போது பார்க்கிறோம், அதுவே இங்கே பெரிய மாற்றம். பதவியில் இருக்கும் ஓர் அமைச்சரை, அவருடைய சொந்த அரசாங்கம் ஆளும்போதே, இலங்கையின் லஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழு எப்போது கூப்பிட்டு விசாரிக்கிறது, அப்போது ஜனாதிபதி குறுக்கே நிற்காமல் இருக்கிறாரா என்று நான் பார்த்துக் கொண்டிருக்கிறேன்.